மே மாதத்தைத் தாங்கும் செடித் தொட்டி

சென்னையில் டிசம்பரில் செடித் தொட்டி, அதாவது மீனோடு நீர்ச்செடியும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, யார் வைத்தாலும் நன்றாகத்தான் வரும். தண்ணீர் 25 டிகிரியில் நிற்கும், செடி தளதளவென்று வளரும், மீனும் சுறுசுறுப்பாகத் திரியும். அதே தொட்டியை மே கடைசியில் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் வீட்டில் அது காலியாகி பால்கனியில் கவிழ்ந்து கிடக்கும். மீதிப் பேர் வீட்டில் பச்சைத் தண்ணீரில் ஒரே ஒரு டேங்க் கிளீனர் மீன் மட்டும் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கும். அதனால் பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தத் தொட்டியைத் தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். செடியோ மீனோ விளக்கோ, எதை வாங்குவதாக இருந்தாலும் "இது மே மாதத்தைத் தாங்குமா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் வாங்குவது. தொட்டி கட்டிய வேலையையும், அது ஒரு கோடையைக் கடந்த விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை இடம் பார்ப்பது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, தலைக்கு நேர் மேலே மொட்டைமாடி. பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் ராத்திரிதான் சூட்டை இறக்கும். ஜன்னல் ஓரம் வைத்தால் அழகாக இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். நான் மூன்று வாளிகளில் தண்ணீர் நிரப்பி, மேற்கு ஜன்னல் ஓரம், டிவி பக்கத்துச் சுவர், சமையலறைக்குப் போகும் வழியில் இருக்கும் உள்சுவர் என்று மூன்று இடத்திலும் வைத்து, தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு நாள் முழுக்கக் குறித்துக்கொண்டேன். ஜன்னல் வாளி மதியமே எகிறியது. டிவி பக்கத்துச் சுவர் வெளிச்சுவர் என்பதால், வெயில் எல்லாம் சாய்ந்து ராத்திரி ஒன்பது மணி வாக்கில்தான் அந்த வாளி உச்சத்துக்குப் போனது. உள்சுவர் வாளி அதைவிட இரண்டு டிகிரி குறைவாக, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது. சரி, தொட்டி அங்கேதான். ஸ்டாண்டையும் இரண்டடி உயரத்தோடு நிறுத்திக்கொண்டேன். மாடி வீட்டில் சீலிங்கை நெருங்க நெருங்கச் சூடு கூடும்.

தொட்டியைக் கொளத்தூரில் செய்யச் சொன்னேன். வண்ண மீன் வாங்க ஊர் ஊராக ஆட்கள் வரும் இடம் அது. கண்ணாடி ஒட்டுபவர், மண் விற்பவர், உயிர் உணவு விற்பவர் எல்லோரும் நடக்கிற தூரத்தில் இருக்கிறார்கள். நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 15, கண்ணாடி 8 மில்லிமீட்டர். கணக்குப்படி 70 லிட்டர். மண்ணும் மணலும் போட்ட பிறகு உள்ளே நிற்கும் தண்ணீர் 55 லிட்டர்தான். மருந்து, உரம் எல்லாவற்றுக்கும் இந்த 55தான் கணக்கு. மேலே கண்ணாடி மூடி வேண்டாம் என்றேன். "மூடி இல்லாம மீன் குதிச்சிரும் சார்" என்றார் கடைக்காரர். அதற்குப் பதிலாக அலுமினியச் சட்டத்தில் கொசுவலை இழுத்துக் கட்டிய ஒரு மூடி வைத்துக்கொண்டேன். மீனும் குதிக்காது, காற்றும் தடைபடாது. காற்று ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கோடை வரும்போது தெரியும்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் செடித் தொட்டியின் பாதிப் பிரச்சினை இதுதான், இதைப் பற்றித்தான் யாரும் சரியாகப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் உண்டு. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் மெட்ரோ தண்ணீர் 320 காட்டியது. போர் தண்ணீர் 1,250. ஆர்ஓ மெஷினில் வருவது 40. கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது கேஎச் அளவை, சொட்டு மருந்து கிட்டில் பார்த்தால் மெட்ரோ 7 டிகிரி, போர் 17. மெட்ரோ தண்ணீரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஏரித் தண்ணீர், வீராணம் தண்ணீர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் தண்ணீர் எல்லாம் ஊருக்குள் வருவதால் பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். அதனால் மீட்டரைத் தொட்டி பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட்டேன். ஆர்ஓ மெஷின் கழிக்கும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று தொட்டியில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான். அது தரை துடைக்க மட்டும்.

"போர் தண்ணின்னா வாலிஸ்நேரியா மட்டும் வைங்க சார், மத்ததெல்லாம் நிக்காது" என்று செடி விற்பவர் ஒருவர் சொன்னார். காரணம் கேட்டதற்கு "அனுபவம்தான்" என்று முடித்துக்கொண்டார். அந்த அனுபவத்துக்குப் பின்னால் சரியான காரணம் இருக்கிறது. எல்லா நீர்ச்செடிக்கும் கார்பன் வேண்டும். பாசிவகை மாஸ் செடிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை மட்டுமே எடுக்கத் தெரிந்தவை. வாலிஸ்நேரியா, நம் ஏரிகளில் கிடக்கும் வேலம்பாசி, ஹார்ன்வார்ட் போன்றவை கடினத் தண்ணீரில் நிறைந்திருக்கும் பைகார்பனேட்டையும் உடைத்து அதிலிருந்து கார்பன் எடுத்துக்கொள்ளும். நம் தண்ணீரில் பைகார்பனேட்டுக்குப் பஞ்சமே இல்லை. சிலிண்டர், ரெகுலேட்டர் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து கார்பன் டை ஆக்சைடு ஏற்றாமலேயே இந்தச் செடிகள் ஓடுவது இதனால்தான். நான் கார்பன் டை ஆக்சைடு ஏற்றவில்லை. தண்ணீர் சூடாக ஆக அந்த வாயு அதில் கரைவது குறையும். கரைந்த கொஞ்சமும் விசிறிக் காற்றில் வெளியேறிவிடும். சென்னைக் கோடையில் திறந்த தொட்டிக்கு அது ஓட்டைப் பர்ஸ்.

தண்ணீர்க் கணக்கு இப்படி முடிந்தது. வாராவாரம் மாற்றுவதற்கு மெட்ரோ தண்ணீர். ஆவியாகிப் போனதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் மட்டும். மெட்ரோ வராத நாட்களுக்கு ஒரு பங்கு போர் தண்ணீரில் மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் டிடிஎஸ் 340 பக்கம் வரும், கேஎச் 5க்குச் சற்றுக் குறைவாக நிற்கும், சமாளிக்கலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாவது வழி ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

குளோரினுக்கு, கொளத்தூரில் ஆன்டி குளோரின் என்று பொட்டலத்தில் விற்கும் கண்ணாடி போன்ற படிகம் போதும். அது சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களின் ஹைப்போ. ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறக்குறைய 7 மில்லிகிராம் படிகம் வேண்டும். 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், பத்து லிட்டருக்கு ஒரு மில்லி ஊற்றினால் சாதாரண மெட்ரோ தண்ணீருக்குச் சரியாக இருக்கும். லாரித் தண்ணீரில் சில நாள் மூக்கைத் துளைக்கும் வாசனை வரும். அன்றைக்கு இரண்டு மில்லி. வாளியிலேயே கலந்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்றுவது.

மண். கடையில் விற்கும் ஜப்பான் அக்வா சாயில் நல்ல பொருள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கார்பனேட்டை உறிஞ்சி தண்ணீரை மென்மையாக்குகிற சரக்கு. நம்முடைய கடினத் தண்ணீரை வாரா வாரம் ஊற்றினால் அந்தச் சக்தி சீக்கிரமே தீர்ந்துபோகும், கொடுத்த விலைக்குக் கட்டுப்படியாகாது. நர்சரியில் ஒரு மூட்டை செம்மண் வாங்கினேன். அதில் நாலில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து, மொட்டைமாடியில் பழைய டப்பில் ஊறவைத்து, மேலே மிதக்கும் சருகையும் குச்சியையும் வடித்துக் கொட்டி, வெயிலில் காயவைத்து, உடைத்து, சலித்து, மறுபடியும் ஊறவைத்து என்று சில தடவை செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணுயிர்கள் உரத்தைத் தின்று செடி எடுக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தொட்டிக்குள் போன பிறகு அது அழுகி அம்மோனியாவாக வெளிவருவது குறையும். வெளிநாட்டில் இதை வாரக்கணக்கில் செய்கிறார்கள். நமக்கு ஒரு சுற்று ஒரே வெயிலில் காய்ந்துவிடுகிறது. சென்னை வெயிலால் இந்தத் தொட்டிக்குக் கிடைத்த ஒரே நன்மை இது. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. காற்றில்லாத அடிமண்ணில் அது வேர் எடுக்கும் வடிவத்துக்கு மாறும் என்பதால் இரும்புச் சத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

அதை ஒரு அங்குலம் பரப்பி, மேலே ஒன்றரை அங்குலம் மணல். ஆற்று மணல் இப்போது கட்டடக்காரர்களுக்கே கிடைப்பதில்லை. எம் சாண்டின் முனை கூர்மை, தூசும் அதிகம். நான் எடுத்தது தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிகளில் போடுகிற ஃபில்டர் மணல், கல்கண்டுத் தூள் பருமனில். வாங்குவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் ஏற்றிவிடும். நுரைக்கவில்லை.

செடி வாங்கும்போது படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. தரையில் புல் மாதிரி படரும் செடி, செக்கச்சிவந்த ரோட்டலா மக்ராண்ட்ரா எல்லாம் குளிர்ந்த அறையில், மென்மையான தண்ணீரில், கார்பன் டை ஆக்சைடு ஏற்றி எடுத்த படங்கள். நான் வைத்தவை: பின்னால் வாலிஸ்நேரியா, இரண்டு பக்கமும் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவும் வாட்டர் விஸ்டீரியாவும், நடுவில் இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகொரைன் வெண்ட்டி, மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ், முன்னால் கொஞ்சம் ஆரைக்கீரை, ஒரு மூலையில் நீர்ப்பிரம்மி. ஹைக்ரோஃபிலாவும் விஸ்டீரியாவும் ஆரையும் பிரம்மியும் இந்த நாட்டுச் செடிகள்; இந்த வெயிலைப் பார்த்து வளர்ந்தவை. கொட்டிக்கிழங்கும் ஒன்று வைக்க ஆசை, நல்ல கிழங்கு இன்னும் அமையவில்லை. கூடவே, தொட்டியின் பின் விளிம்பில் ஒரு மணி பிளாண்ட் கொடியைச் சொருகி வேரை மட்டும் தண்ணீரில் விட்டேன். இலை காற்றில் இருப்பதால் அதற்குக் கார்பன் தட்டுப்பாடே கிடையாது, தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை அசராமல் இழுக்கும். போட்டி வைத்தால் கடைச் செடி எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

எல்லாச் செடியையும் நடுவதற்கு முன்னால் வெளிர் இளஞ்சிவப்பாகக் கரைத்த பெர்மாங்கனேட் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசினேன். நத்தை வருவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தும்பிப் புழு வந்தால்தான் ஆபத்து. மீன் குஞ்சு ஒன்றையும் விட்டு வைக்காது.

முதல் வாரங்களில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. மண்ணிலிருந்து அம்மோனியா வந்துகொண்டே இருந்தது. கிட்டில் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை போனது. மீன் இல்லாததால் பதற ஒன்றுமில்லை. இந்த அம்மோனியாவைத் தின்று ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், கடைசியில் செடி எடுத்துக்கொள்ளும். இந்தச் சங்கிலி நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடையில் பாட்டில் பாக்டீரியா தருகிறார்கள். நான் தெரிந்தவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஸ்பாஞ்சை வாங்கி என் ஃபில்டருக்குள் செருகிக்கொண்டேன். காசும் மிச்சம், உயிருள்ள பாக்டீரியா என்பதும் நிச்சயம். ஃபில்டரைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, பவர் ஹெட் என்ற சின்ன பம்ப் வைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். கிரிப்டோகொரைன் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிட்டது. இடம் மாறினால் அந்தச் செடி அப்படித்தான் செய்யும். பிடுங்கி எறியாமல் வேரை விட்டுவைத்தால் புது இலை வரும். வந்தது.

இங்கே காத்திருப்பதில் அவசரம் காட்டக் கூடாது என்பதற்குச் சென்னையில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அதில் ஒன்றுதான் மீனைக் கொல்லும் விஷம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7, வெப்பம் 30 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட விஷ வடிவத்தில் இருக்காது. அதே 30 டிகிரியில் பிஎச் 8 ஆனால் ஏழரை பங்கு. நம் தண்ணீரின் பிஎச் 8 பக்கம்தான். போதாததற்கு வாலிஸ்நேரியா பைகார்பனேட்டை உடைக்கும்போது பிற்பகலில் பிஎச்சை இன்னும் மேலே தள்ளும். இலை மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். குளிர் ஊர்களில் "கொஞ்சம் அம்மோனியா பரவாயில்லை" என்று எழுதி வைத்திருப்பதை நாம் படித்துவிட்டு அப்படியே செய்ய முடியாது. இங்கே பூஜ்யம் என்றால் பூஜ்யம்.

மீன் விஷயத்தில் கடைக்காரருக்கும் எனக்கும் நீண்ட பேச்சு. அவர் நியான் டெட்ராவைக் காட்டினார். அழகுதான். ஆனால் அது 26 டிகிரிக்குக் கீழே சுகப்படும் மீன். ஏசி போட்ட கடையில் மின்னும், என் வீட்டில் மே மாதம் தாங்காது. எனக்கு வேண்டியது மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன். கௌராமி இனத்துக்குத் தலையில் அதற்கென்று ஒரு உறுப்பு உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஹனி கௌராமி நாலு எடுத்தேன். அப்புறம் நம் பக்கத்து வயல், வாய்க்காலில் திரியும் ஸ்பைக்டெயில் பாரடைஸ் மீன் ஆறு. பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே 1831இல் இந்த மீனை விவரித்தபோது அதன் மாதிரி கிடைத்த இடம் புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆறு. தீக்குச்சியை விடக் கொஞ்சம் நீளம், பார்வைக்குச் சாதாரணப் பழுப்பு. இணை சேரும் காலத்தில் ஆணின் துடுப்பு ஓரங்கள் நிறமேறுவதைப் பார்த்துவிட்டால் நியானைக் கேட்க மாட்டீர்கள். 55 லிட்டருக்குப் பத்துச் சின்ன மீன் குறைவு என்றார் கடைக்காரர். குறைவாகத்தான் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபில்டர் நின்றாலும் செடிகளே கழிவைச் சமாளிக்கும் அளவுக்கு மீன் இருந்தால்தான் அந்த மாதிரி நாட்களைத் தாண்ட முடியும்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் வளர்ந்தது.

மார்ச் நடுவில் தொட்டித் தண்ணீர் 30ஐத் தொட்டது. ஏப்ரலில் மின்விசிறி இல்லாமல் விட்டுப் பார்த்தபோது ராத்திரி 33 வரை போனது. 25 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 33 டிகிரியில் 7.2தான். அதே சூட்டில் மீனின் மூச்சுத் தேவையும் பாக்டீரியாவின் தேவையும் கூடும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. இதைச் சமாளிக்க அக்வேரியம் சில்லர் என்று ஒன்று விற்கிறார்கள், அதன் விலையில் ஒரு நல்ல ஃபிரிட்ஜே வாங்கலாம். ஐஸ் கட்டி போடுவது கூடாது. அரை மணி நேரத்தில் இறங்கி மறுபடி ஏறும் சூடு, நிலையான சூட்டை விட மீனுக்குக் கெடுதல்.

மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிரவைக்கிறதோ அப்படியேதான் தொட்டியையும் குளிரவைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் ஏறக்குறைய 2,400 கிலோஜூல். என் 55 லிட்டரை ஒரு டிகிரி இறக்க 230 கிலோஜூல் போதும். வெளியிலிருந்து சூடே வராது என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் ஆவி பத்து டிகிரி இறக்கும். அறைச் சூடு திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருப்பதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் மூன்று டிகிரி நிச்சயம்.

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குப் போடும் 120 மில்லிமீட்டர் 12 வோல்ட் விசிறி இரண்டு, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, சூட்டைப் பார்த்து விசிறியைத் தானே போட்டு அணைக்கும் டபிள்யூ1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு ஒன்று வாங்கினேன். தண்ணீர் பக்கத்தில் கை போகும் வேலை என்பதால் 230 வோல்ட் விசிறி வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அடாப்டர் வயர் தொட்டிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே பிளக்குக்குப் போகிறது. தண்ணீர் வயரில் வழிந்தாலும் வளைவில் சொட்டிவிடும். போர்டுக்கு வரும் 12 வோல்ட்டிலிருந்து பாசிட்டிவ் வயரை இன்னொரு கிளையாக எடுத்து, ரிலேயின் இரண்டு முனை வழியாக விசிறிக்குக் கொடுக்க வேண்டும். ரிலே வெறும் சுவிட்ச்தான், அது தானாக மின்சாரம் தராது. இதைக் கவனிக்காமல் போர்டு கெட்டுவிட்டது என்று திருப்பித் தர வருபவர்கள் நிறைய என்று கடைக்காரர் சிரித்தார்.

போர்டில் 29 டிகிரி என்று வைத்த பிறகு பார்க்க வேண்டிய அமைப்பு இரண்டே இரண்டுதான். பி0 வை 'சி'யில் வைத்தால் குளிரூட்டும் வேலை. பி1 என்பது விசிறி எவ்வளவு இறங்கிய பிறகு நிற்க வேண்டும் என்ற இடைவெளி. வாங்கும்போது அது 2.0இல் இருக்கும், நான் 1.0க்கு மாற்றினேன். தண்ணீர் 29 ஆனால் விசிறி ஓடும், 28 ஆனால் நிற்கும். போர்டின் சென்சாரை விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் ஃபில்டருக்கு எதிர்ப்பக்கம் தண்ணீருக்குள் முக்கி ஒட்டினேன். விசிறிகளை அலுமினிய ஆங்கிளில் மாட்டி, கொசுவலைக்கு மேலிருந்து தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக அடிக்கும்படி வைத்தேன். தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்படி வைத்தால் ஈரக்காற்று முழுவதும் விசிறி வழியாகவே போகும். பேரிங் சீக்கிரம் போய்விடும்.

பலன்: அறை 35 டிகிரி இருந்த கத்திரி நாட்களில் தண்ணீர் 29.5இல் நின்றது. இதில் சென்னைக்கே உரிய ஒரு விளையாட்டு உண்டு. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் முற்பகலில் விசிறி அபாரமாக வேலை செய்யும். பிற்பகலில் கடற்காற்று வந்ததும் நமக்கு அப்பாடா என்றிருக்கும். தொட்டிக்கு அப்படி இல்லை. காற்றில் ஈரம் ஏறியதும் ஆவியாவது மந்தமாகும், விசிறி ஓடிக்கொண்டே இருந்தும் தண்ணீர் அரை டிகிரி ஏறும். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, ராத்திரி கூடத்து ஜன்னலைத் திறந்து வைப்பதைத் தவிர.

விசிறி ஓடும் மாதத்தில் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காணாமல் போகும். போவது வெறும் தண்ணீர்; உப்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கும். மாதம் 36 லிட்டர் மெட்ரோ தண்ணீரால் ஈடுகட்டினால், 320 டிடிஎஸ் கணக்கில் பதினோரு கிராமுக்கு மேல் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிடும். கோடை முடிவதற்குள் போர் தண்ணீர் பக்கம் நகரத் தொடங்கிவிடும். ஆர்ஓ தண்ணீரை ஈடுகட்ட மட்டும் என்று ஒதுக்கியது இதற்காகத்தான். ஜூன் தொடக்கத்தில் மீட்டரில் பார்த்தபோது 410. ஏற்றுக்கொள்ளலாம்.

கூடவே சில மாற்றங்கள். விளக்கு 6500 கெல்வின் எல்இடி, 20 வாட், டைமரில். குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் எரிந்ததை ஆறாகக் குறைத்தேன். ராத்திரி முழுக்க காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன். விளக்கு அணைந்த பிறகு செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடியற்காலைதான் மீனுக்கு ஆபத்தான நேரம். மீன் உணவைப் பாதியாக்கினேன். ஃபில்டர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். ஆறு வாட்தான், ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும் நடுவில் அது தெரியவே தெரியாது.

கோடை எதையும் சும்மா விடவில்லை. சோதனைக்காக வைத்த ஜாவா ஃபெர்ன் இலைகள் கறுத்து ஓட்டையாகி உதிர்ந்தன; ஜாவா மாஸ் பழுப்பானது. அவை 30 டிகிரிக்கான செடி இல்லை, எடுத்துவிட்டேன். அனுபியாஸ் இலை ஓரங்களில் கருந்தாடிப் பாசி பிடித்தது. மெடிக்கல் ஷாப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டால் பெரும்பாலும் 6 சதவீதம் தருவார்கள், பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் 3 சதவீதத்துக்கு எழுதியவை. அதனால் சம அளவு தண்ணீர் கலந்து, ஃபில்டரை நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சால் பாசி மேலேயே மெதுவாக விட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஃபில்டரைப் போட்டேன். ஒரு தடவைக்கு மொத்தம் 12 மில்லிக்கு மேல் போகவில்லை. வாலிஸ்நேரியா பக்கம் கொண்டுபோகவில்லை, அதற்கு இது ஆகாது. பாசி சிவந்து, பிறகு வெளுத்து, மீன்களே பிய்த்து முடித்தன.

ஹைக்ரோஃபிலாவின் பழைய இலைகளில் குண்டூசி ஓட்டைகள் வந்தது பொட்டாசியம் குறை. உரக்கடையில் 0-0-50 என்று விற்கும் பொட்டாசியம் சல்பேட் 1.3 கிராம் என் தொட்டிக்கு ஏறக்குறைய 10 பிபிஎம் பொட்டாசியம் தரும். தண்ணீர் மாற்றும் நாளில் அதைக் கரைத்து ஊற்றினேன். ஓட்டை விழுந்த இலை ஆறாது, வெட்டிவிட வேண்டியதுதான். புது இலைகள் முழுசாக வந்தன.

வெட்டிய செடி இப்போது வாரம் ஒரு பை சேர்கிறது. அதை மொட்டைமாடியில் காயவைத்துப் பூந்தொட்டிச் செடிகளுக்கு உரமாகப் போடுகிறேன். ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். ஆகாயத் தாமரை நம் நீர்நிலைகளை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பெரிதாகிவிட்டது என்று டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விட்டவர்களால் அதுவும் இப்போது பரவிக் கிடக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், கொளத்தூரில் பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு விசிறி ஆகஸ்டில் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மார்ச்சுக்குள் இரண்டையும் பால் பேரிங் வைத்ததாக மாற்ற வேண்டும். போர்டையும் இப்போதிருக்கும் திறந்த நிலையிலிருந்து எடுத்து, ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, தொட்டிக்கு மேலே இல்லாமல் பக்கத்துச் சுவரில் பொருத்தவிருக்கிறேன்.